காயம்பட்ட தோளும் கைவிடாத அணியும்

ஐ.பி.எல். பருவம் வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து உணவகங்களில் நள்ளிரவுக்குப் பின்னும் பேச்சு ஓய்வதில்லை. இந்தியாவில் மாலை 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோலாலம்பூர்க் கடிகாரத்தில் இரவு 10 மணி ஆட்டமாகிவிடுகிறது. தே தாரேக் குவளைகள் ஆறிக்கொண்டிருக்க, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரிடையே ஒரு வழக்கு எழும். அடிக்கடி காயப்படும் பந்து வீச்சாளரை அணி வைத்துக்கொள்ள வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதே அவ்வழக்கு. "கோடி கோடியாகக் கொட்டிக் கொடுத்து மருத்துவமனையில் படுக்க வைப்பதா?" என்பார் ஒருவர். "நன்றாக வீசியபோது கைதட்டிவிட்டு, நலிந்தபோது கைகழுவுவதா?" என்பார் மற்றொருவர். ஆட்டம் முடிந்ததும் மேசை கலைந்துவிடும். வழக்கு தீர்வதில்லை.

இது பொழுதுபோக்கு வழக்கு எனத் தள்ளிவிடத் தக்கதன்று. ஒருவரின் ஆற்றலை நம்பி ஒரு கூட்டம் இயங்கும்போது, அந்த ஆற்றலைத் தாங்கும் உடல் நலிந்தால் கூட்டத்தின் கடமை யாது என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது. இவ்வினா ஆடுகளத்தில் மட்டுமன்றி அலுவலகத்திலும் இல்லத்திலும், குறிப்பாகப் பள்ளிக்கூடத்திலும் எழுவதாகும்.

முதற்கண் காயம் வரும் வழியை அறிதல் வேண்டும். வேகப் பந்து வீச்சு மனித உடலுக்கு இயல்பான செயலன்று. ஓடிவரும் வீச்சாளர் பந்தை விடும் கணத்தில் முன்காலை ஓங்கி ஊன்றுகிறார். அப்போது அவரது எடையைப் போலப் பல மடங்கு விசை கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியே முதுகெலும்புக்கு ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்கிறது. ஓர் ஓவருக்கு ஆறு முறை இவ்வாறு நிகழ்கிறது; 20 ஓவர்கள் வீசும் நாளில் 120 முறை நிகழ்கிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுவது இதனால்தான். தசை சில வாரங்களில் வலுப்பெறும். எலும்பும் தசைநாணும் வலுப்பெற மாதங்கள் ஆகும். ஓய்விலிருந்து திரும்பியவர் தம் உடல் தேறிவிட்டதாக உணரும் நாளிலும் எலும்பு முழுமையாகத் தேறாதிருக்கக்கூடும். அந்நிலையில் சுமையைத் திடீரெனக் கூட்டினால் பழைய காயம் திரும்புகிறது. ஆகவே 'எப்போதும் காயப்படுபவர்' என்று ஒருவருக்குப் பட்டம் சூட்டும் முன், அக்காயத்தில் அவரது உடலின் பங்கு எவ்வளவு, அவரை அவசரப்படுத்தியவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தல் நேர்மையாகும்.

நம்பிக்கைக்கு விலை உண்டு என்பதைச் சென்னை அணியின் வரலாறு காட்டுகிறது. 2022 பிப்ரவரியில் நடந்த ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தீபக் சாஹரை 14 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதே மாதத்தில் கொல்கத்தாவில் இந்தியாவுக்காக ஆடியபோது அவர் தொடைத் தசையில் காயமுற்றார். அது தேறுவதற்குள் முதுகிலும் காயம் ஏற்பட்டது. அப்பருவம் முழுவதும் அவர் ஒரு பந்தும் வீசவில்லை. பத்து அணிகளில் சென்னை ஒன்பதாம் இடத்தில் முடிந்தது. ஆயினும் அணி அவரை விடுவிக்கவில்லை. 2023இல் திரும்பிய சாஹர், இடையில் மீண்டும் தசைக் காயத்தால் சில ஆட்டங்களை இழந்தபோதும், 10 ஆட்டங்களில் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வாண்டு சென்னை ஐந்தாம் முறையாக வெற்றிக் கிண்ணத்தை ஏந்தியது. அதன் பின் 2024 பருவம் அவருக்குச் சிறக்கவில்லை; அணி அவரை விடுவித்தது; மும்பை அணி 9.25 கோடிக்கு எடுத்துக்கொண்டது. இக்கணக்கில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லல் தகாது.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த நடராசனின் கதை இன்னும் உருக்கமானது. 2018இல் 40 இலட்சம் ரூபாய்க்கு அவரை எடுத்த ஐதராபாத் அணி, அவ்வாண்டும் மறு ஆண்டும் ஓர் ஆட்டத்திலும் அவரை இறக்கவில்லை. ஆயினும் அணியில் வைத்திருந்தது. 2020இல் வாய்ப்பு வந்தபோது 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகளை எடுத்தார். அதன் பயனாக ஆஸ்திரேலியப் பயணத்தில் வலைப் பயிற்சி வீச்சாளராகச் சேர்க்கப்பட்டார். அங்கே இந்திய வீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயமுற, ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்னும் பெருமை அவரை வந்தடைந்தது. 2021 சனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா வென்ற வரலாற்றுச் சிறப்புமிக்க டெஸ்ட் ஆட்டத்தில் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட்டுகள் அவருடையவை. மார்ச்சில் புனே நகரில் இங்கிலாந்துக்கு எதிரான கடைசி ஓவரில் 14 ஓட்டங்களைக் காத்து வெற்றி தேடித் தந்தார். அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் படுத்தார்.

பிறருடைய காயம் திறந்துவிட்ட கதவின் வழியே உள்ளே வந்தவரைத் தம் காயமே வெளியே நிறுத்தியது. எனினும் ஐதராபாத் அணி 2022 ஏலத்தில் 4 கோடி கொடுத்து அவரை மீண்டும் எடுத்தது. அவ்வாண்டு 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகளும், 2024இல் 19 விக்கெட்டுகளும் அவர் அந்த நம்பிக்கைக்குச் செலுத்திய வட்டி எனலாம். 2024இல் அவ்வணி இறுதியாட்டம் வரை சென்றது. ஆனால் 2025இல் 10.75 கோடிக்கு அவரை எடுத்த டெல்லி அணிக்கு அப்பருவத்தில் இரண்டு ஆட்டங்களே அவரால் ஆட இயன்றது. நம்பிக்கை ஒவ்வொரு முறையும் பலிக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

பேஸ்பால் உலகிலும் இதே வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. 1974இல் டாமி ஜான் என்னும் இடக்கை எறிவீச்சாளரின் முழங்கைத் தசைநார் அறுந்தது. அக்காலத்தில் அத்தகைய காயம் வீச்சாளரின் வாழ்வுக்கு முற்றுப்புள்ளி. மருத்துவர் பிராங்க் ஜோப் அவரது வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடமுழங்கையில் பொருத்தினார். 1975ஆம் ஆண்டு முழுவதும் டாமி ஜான் ஆடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி காத்திருந்தது. 1976இல் திரும்பியவர் 1989 வரை எறிந்தார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பின் பெற்றவை. தமிழகத்து இலட்சுமிபதி பாலாஜியும் முதுகெலும்புக் காயத்தால் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கி, வீசும் முறையைத் திருத்திக்கொண்டு திரும்பியவரே. 2008இல் ஐ.பி.எல். போட்டியின் முதல் 'ஹாட்ரிக்' சாதனை அவர் கையால் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது.

மறுதரப்பின் வாதத்தையும் மதித்துக் கேட்க வேண்டும். காயப்பட்டவருக்காக ஓரிடத்தை ஒதுக்கி வைக்கும்போது, நலமாயிருக்கும் ஒருவர் வெளியே காத்திருக்கிறார். அவருக்கும் ஆண்டுகள் கழிகின்றன. ஜஸ்பிரித் பும்ரா 2023 மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்டில் திரும்பி, 2024 இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகனானார். பின்னர் ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டுகளில் 32 விக்கெட்டுகளை எடுத்து, 2025 சனவரியில் சிட்னி ஆட்டத்தின் நடுவே முதுகு வலியால் களத்தை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு இங்கிலாந்துப் பயணத்தில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. வியப்பு என்னவெனில், அப்பயணத்தில் இந்தியா வென்ற இரண்டு டெஸ்டுகளும் அவர் ஆடாதவை. ஐந்திலும் வீசிய முகமது சிராஜ் 23 விக்கெட்டுகளை எடுத்து, ஓவல் திடலில் 6 ஓட்ட வேறுபாட்டில் வெற்றியை முடித்து வைத்தார்.

இதைக் கொண்டு பும்ராவை விலக்கியிருக்கலாம் என்பார் பிழைபடக் கூறுபவர். அவருக்கு ஓய்வு தர முடிந்ததே சிராஜ் போன்றோர் ஆயத்தமாக இருந்ததால்தான். ஒருவரையே நம்பியிருக்கும் அணியால் அவரைக்கூட ஒழுங்காக நம்ப இயலாது; வேறு வழியின்றி நோயோடும் அவரை ஓட வைக்கும். பலரை வளர்த்து வைத்திருக்கும் அணியே ஒருவருக்காகப் பொறுமையாகக் காத்திருக்க வல்லது.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களை வைத்து, அவற்றை அடுத்தே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்பவற்றை வைத்துள்ளார். வைப்பு முறையே ஒரு பாடமாகும். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பத்தைத் தரும் என்பது அவர் கருத்து. காயப்பட்ட வீச்சாளரிடம் அணி செய்யும் பிழைகளும் இவ்விரண்டே. மருத்துவர் சொல்லை ஆராயாமல் களத்தில் இறக்குவது முதற்பிழை. காத்திருப்பதாக வாக்களித்துவிட்டு முதல் தோல்வியிலேயே முகம் திருப்புவது இரண்டாம் பிழை.

ஆகவே நம்பிக்கை என்பது வெறும் கனிவன்று. அதற்கு மூன்று கடமைகள் உண்டு. காயத்தின் உண்மை நிலையை அணியும் ஆட்டக்காரரும் ஒருவருக்கொருவர் மறைக்காதிருத்தல் ஒன்று. திரும்பி வருவோரின் சுமையைப் படிப்படியாகவே ஏற்றுதல் இரண்டு. அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவரை ஆயத்தப்படுத்தி, அவருக்கும் உரிய வாய்ப்பைத் தருதல் மூன்று. இம்மூன்றும் செய்த பின்னும் உடல் ஒத்துழைக்கவில்லையெனில், மரியாதையோடு விடை தருவதில் குற்றமில்லை.

மலேசிய மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கிக் கழுத்தெலும்பு முறிவுக்கு ஆளானார். அவ்வாண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை இழந்தார். அவர் இனி ஆடுவாரா என்று ஐயுற்றோர் பலர். மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் தங்கமும் குழுத் தங்கமும் அவருக்குக் கிட்டின. கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில் 2023 ஜூலையில் மலேசிய வேகப் பந்து வீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக 8 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்தி, ஆடவர் அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் ஏழு விக்கெட்டுகளை எடுத்த முதல் வீச்சாளரானார். அத்தகைய ஆற்றல் தொலைதூர நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளித் திடல்களிலும் அது முளைக்கக் காத்திருக்கிறது. அம்முளையைக் காப்பவர் யார் என்பதே ஆசிரியர் உலகம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. இத்தகைய பள்ளியில் வேகமாக ஓடும் மாணவன் ஒருவன் கிடைத்துவிட்டால், நூறு மீட்டர் ஓட்டமும் அவனுக்கே, நீளம் தாண்டுதலும் அவனுக்கே, அஞ்சல் ஓட்டமும் காற்பந்தும் அவனுக்கே என்றாகிவிடுகிறது. பள்ளியின் பெயர் மாவட்ட அளவில் விளங்க வேண்டும் என்னும் ஆவல் குற்றமன்று. ஆனால் பத்து, பன்னிரண்டு வயதில் எலும்பு முனைகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இன்னும் இறுகியிராது. தசைநாண் அதனை ஓயாது இழுக்கும்போது குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வலி தோன்றும். அதற்கு முதல் மருந்து ஓய்வு. "சாக்குச் சொல்கிறான்" என்று அவ்வலியைத் தள்ளிவிடுவது பெரும் பிழை. பயிற்சி நாளில் நொண்டுபவன் போட்டி நாளில் ஓடிவிடுகிறான் என்பதால் வலி பொய்யாகிவிடாது. ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே அவன் ஓடுகிறான்.

வளர்ந்த நாடுகள் இதற்கு விதி வகுத்துவிட்டன. அமெரிக்காவின் 'லிட்டில் லீக்' சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2007 முதல் ஒவ்வொரு சிறுவனும் எறியும் பந்துகளை எண்ணி வரம்பிட்டது. 11, 12 வயதினர்க்கு ஒரு நாளைக்கு 85 எறிகள் என்பது எல்லை. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் இளம் வேக வீச்சாளர்க்கு வயதுக்கேற்ற ஓவர் வரம்பை வகுத்துள்ளது. தோற்றாலும் எல்லை எல்லையே. தமிழ்ப்பள்ளிகளில் இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு மாணவனை எத்தனை போட்டிகளுக்கு அனுப்பினோம் என்று எண்ணிப் பார்க்கும் மனமும் போதும்.

இதே நெறி வகுப்பறைக்கும் பொருந்தும். மேடைப் பேச்சுக்கும், கவிதை ஒப்புவித்தலுக்கும், கதை சொல்லலுக்கும் ஆண்டுதோறும் ஒரே மாணவியை அனுப்பினால், அவள் தொண்டை கட்டிய நாளில் பள்ளி ஊமையாகிறது. பின்வரிசையில் அமர்ந்திருந்த குரல்கள் ஒருபோதும் கேட்கப்படாமலே ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறுகின்றன. மற்றொரு பக்கம், இழுப்பு நோயால் மாதத்தில் பல நாள் வராத மாணவனை, "இவனை நம்பிப் பயனில்லை" என்று எந்தக் குழுவிலும் சேர்க்காது விடுவதும் நிகழ்கிறது. வராத நாள்களைக் கொண்டு அவனை அளப்பவர், வந்த நாள்களில் அவன் செய்ததை அளக்க மறந்துவிடுகிறார்.

பெரிய அணிகள் கோடிகளை இழந்தால் அடுத்த ஏலத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் கைவிடப்பட்டவனுக்கு அடுத்த ஏலம் என்று ஒன்றில்லை. காயப்பட்டவனை நம்பலாமா என்று கேட்கும் முன், நாளைக்கு அவன் காயப்படாதிருக்க இன்று யார் கணக்கு வைத்தார் என்று கேட்பதே முறை. அக்கணக்கை வைக்கும் ஆசிரியரிடம்தான் மாணவன் வலியை மறைக்காது சொல்வான். அவன் சொல்லத் துணிந்த நாளில்தான் அப்பள்ளியின் நம்பிக்கை உண்மையானது என்று கொள்ளலாம்.