மைக்செட்காரரின் அவசரம்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற ஊர்களில் விழாவென்றால் மைக்செட்காரரை நாம் அவசரப்படுத்தாமல் விடுவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளுக்குப் பக்கத்திலேயே 100 வோல்ட் முனையும் இருப்பதை யார் எண்ணிப்பார்க்கிறோம்? நெடுந்தொலைவுக் கம்பிக்கு உரியது அது. ஒலிபெருக்கி ஒவ்வொன்றிலும் மின்மாற்றி இருந்தாலன்றி அதைத் தொடலாகாது. வெறும் 8 ஓம் பெட்டியை அதில் மாட்டினால், 100 வோல்ட் முழுமையாக எட்டும்போது கணக்குப்படி 1250 வாட்! சுருள் கருகிப்போகும். அத்தகைய பெட்டிகள் நான்கைப் பக்க இணைப்பாகக் கட்டினாலோ 2 ஓம் ஆகிவிடும். 4 ஓம் முனையும் அதைத் தாங்காது. இழப்பு விழாக்குழுவுக்கன்று, வாடகையை நம்பிப் பிழைப்பவருக்கே. இரைச்சலை அடக்க எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது இவற்றினும் கொடிது. மைக்கைப் பிடிப்பது பாடகர் குழுச் சிறுமியாக இருக்கலாம். பந்தலை முன்தினமே ஒப்படைத்தால், இவற்றையெல்லாம் அவர் பகல் வெளிச்சத்திலேயே சரிபார்த்துக்கொள்வார்.