மாற்றுச் சாவி

எங்கள் வீட்டுக் காருக்கு இரண்டு சாவிகள். வாங்கிய அன்றே அப்பா ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றொன்றைப் பீரோவுக்குள், நிலப் பத்திரங்களுக்கும் அம்மாவின் நகைப்பெட்டிக்கும் நடுவே வைத்துப் பூட்டினார். எங்கள் குடும்பத்தில் ஒரு பொருளுக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை அதுதான். நான்கு ஆண்டுகள் அதை யாரும் தொடவில்லை.

ஐப்பசி மழை இரவொன்றில், நான் வெளியூரில் இருந்தபோது, அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. என் சாவி என் பையிலேயே இருந்தது. தம்பி பீரோவைத் திறந்து மற்றதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கார் திறக்கவில்லை. சாவியின் சிறு விளக்கும் எரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர அரைமணி நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்தபடி, பூட்டிய காரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மருத்துவமனை இரண்டு கிலோமீட்டர்தான்.

அப்பா பிழைத்து வந்தார். நான் ஊர் திரும்பிய பிறகே காரின் கையேட்டை முதன்முறையாகப் படித்தேன். சாவிக்குள் இருப்பது சிஆர் 2032 என்ற வட்ட மின்கலம், 20 மி.மீ. விட்டம், 3 வோல்ட். பொத்தானைத் தொடாவிட்டாலும், அருகில் கார் அழைக்கிறதா என்று இவ்வகைச் சாவி ஓயாமல் செவிகொடுத்தபடியே இருக்கிறது. ஆகவே பீரோவின் இருட்டிலும் மின்கலம் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகிறது. பத்திரப்படுத்தியதாக நாங்கள் நினைத்த காலமெல்லாம் அது மெல்லச் செத்துக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சாவியின் பக்கவாட்டுத் தாழை நகர்த்தினால் உள்ளிருந்து ஓர் உலோகச் சாவி வரும். அதனால் கதவைத் திறக்கலாம். இயந்திரத்தை முடுக்கும் பொத்தானோடு சாவியை ஒட்டிப் பிடித்தால், மின்கலமே வேண்டாத சிறு சில்லு ஒன்று தன்னை அடையாளம் காட்டும்; கார் புறப்படும். அன்றிரவு அந்தச் சாவி பயனற்றுப் போயிருக்கவில்லை. தம்பிக்கு நான் சொல்லித் தந்திருக்கவில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒன்றாக இரண்டு சாவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். போகியன்று இரண்டுக்கும் புது மின்கலம். குழந்தைகள் விழுங்கிவிடாதிருக்கச் சிலவற்றில் கசப்புப் பூச்சு இருக்கும். அது மின்தொடர்பைத் தடுக்கக்கூடுமென்பதால் துணியால் துடைத்துப் பொருத்துகிறேன். பழையதை நாடா சுற்றி அப்புறப்படுத்துகிறேன். அம்மா உட்பட எல்லோரும் உலோகச் சாவியால் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அப்பா வாசலில் நாளிதழோடு உட்கார்ந்திருப்பார். நான் பொத்தானை அழுத்துவேன். காரின் விளக்குகள் மின்னியதும் அவர் ஒருமுறை தலையசைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்குவார்.