மன்னிப்புக் கேட்ட ஆயர்

மதத் தலைவர்கள் இன நல்லிணக்கம் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவன் நான். பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில், அத்தகைய கூட்டங்களின் முன்வரிசையில் குறிப்பேட்டுடன் எத்தனையோ மாலைப்பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். மங்கள விளக்கு ஏற்றப்படும். நான்கு மதத் தலைவர்களும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். எல்லோரும் அன்புடன் வாழவேண்டும் என்பார்கள். மறுநாள் படத்துடன் செய்தி வெளிவரும். அத்துடன் அது முடிந்துவிடும்.

அன்பைப் பற்றி எவரும் பேசலாம். தமது சொந்த இனத்தவரைப் பார்த்து, நாம் வெட்கப்படவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொல்வதுதான் கடினம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் இலங்கையில் அந்தக் கடினமான காரியத்தைச் செய்தவர் யார் என்று எவராவது என்னிடம் கேட்டால், முதலில் நினைவுக்கு வருபவர் ஒரு கிறிஸ்தவ ஆயர்தான். 1962 முதல் 1983 வரை அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் ஆயராக விளங்கிய லக்ஷ்மன் விக்கிரமசிங்கவே அவர்.

ஆயராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 35. குருநாகல் மறைமாவட்டம் சிங்களப் பெரும்பான்மைப் பிரதேசம். எனினும் கண்டிப் பகுதியின் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரும் அதற்குள் அடங்குவர். அங்குள்ள கிறிஸ்து அரசர் பேராலயத்தை முதன்முதலில் பார்த்தபோது வியந்து நின்றேன். மேனாட்டுக் கூர்கோபுரம் எதுவும் அதற்கு இல்லை. கண்டியச் சிற்ப மரபைத் தழுவி எழுப்பப்பட்ட கட்டடம் அது. அதனை அவ்வாறு அமைத்தவர் முதலாவது ஆயர் லக்தாச டி மெல். அந்நிய ஆட்சியாளரின் மதம் என்ற பெயரைக் களைந்து, இந்த மண்ணுக்குரியதாகத் திருச்சபையை மாற்றும் முயற்சியை இவரும் தொடர்ந்தார். 1971 கிளர்ச்சியின் பின்னர் உருவான சிவில் உரிமைகள் இயக்கத்திலும் முன்னின்று உழைத்தார்.

அவருடைய குடும்பப் பின்னணியையும் சொல்லியாகவேண்டும். அவரது சகோதரர் எஸ்மண்ட் விக்கிரமசிங்க, ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் நெருங்கிய ஆலோசகர். எஸ்மண்டின் மகன் ரணில் விக்கிரமசிங்க அப்போது கல்வி அமைச்சர். அதிகாரத்தின் மையத்தில் இருந்த குடும்பம் அது. பேசாமல் இருப்பதற்கு அவருக்கு எல்லா வசதிகளும் இருந்தன.

1983 ஜூலை 23 ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய தமிழருக்கு எதிரான வன்செயல் நாடெங்கும் பரவியது. அந்த நாட்களைப் பற்றி நம்மவர்க்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஜூலை 28 ஆம் திகதி ஜனாதிபதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கென ஓர் அனுதாப வார்த்தையேனும் அந்த உரையில் இருக்கவில்லை. அந்த மௌனம் எரிந்த வீடுகளைவிட அதிகமாகச் சுட்டது.

சில வாரங்களின் பின்னர் ஆயர் தமது மறைமாவட்ட மக்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார். யாரோ சில காடையர் செய்தார்கள் என்று சொல்லிச் சிங்களவர் விலகிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். தம் இனத்தவர் செய்த கொடுமைக்காகச் சிங்களவர் என்ற வகையில் வெட்கப்படவேண்டும். வெட்கப்படுவதோடு நில்லாமல், பாதிக்கப்பட்ட தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். 'அவர்கள்' என்று சொல்லாமல் 'நாம்' என்று தம்மையும் சேர்த்தே சொன்னார். 1983 ஒக்டோபர் 23 ஆம் திகதி அவர் காலமானார். வயது 56.

இலங்கையில் சிங்களவரும் தமிழரும் பெருந்தொகையாக ஒரே மதத்தில் இணைந்திருப்பது கிறிஸ்தவத்தில் மட்டுமே. ஆகவே இத்தகைய குரல் அங்கிருந்து எழுந்ததில் வியப்பில்லை என்று சிலர் கூறுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஆலயத்தில் சிங்கள ஆராதனை ஒரு வேளையிலும் தமிழ் ஆராதனை வேறொரு வேளையிலும் நடப்பதைக் கொழும்பில் கண்டிருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் வழிபட்டும் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்ந்துவிடலாம். நம்பிக்கை தானாகப் பாலம் அமைப்பதில்லை. ஒரு மனிதர் துணிந்தாலன்றி அது நடவாது.

அந்த மன்னிப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். போரை அது தடுக்கவில்லை. அரசின் சார்பில் ஒரு மன்னிப்பு வருவதற்கு மேலும் 21 ஆண்டுகள் சென்றன. 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அதைச் செய்தார். ஆனால் 83 இல் வெள்ளவத்தையில் வீட்டை இழந்து, இப்போது கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னது மறக்கமுடியாதது. "சிங்களவர் எல்லாரும் அப்பிடித்தான் எண்டு பிள்ளையளுக்குச் சொல்ல வாய் வந்தது. அந்த பிஷப்பின்ர பேச்சை வாசிச்ச பிறகு அப்பிடிச் சொல்ல மனம் வரேல்லை" என்றார். ஒரு வீட்டில் அடுத்த தலைமுறைக்கு வெறுப்பு கைமாறாமல் நின்றது. இதனைச் சிறிய பயன் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த ஆயரைப் புகழ்வதோடு நாம் நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000 பேருக்கும் மேல். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். துப்பாக்கியின் நிழலில் வாழ்ந்தவர்களுக்குப் பேசுவது எளிதாக இருக்கவில்லை என்பதை அறிவேன். பிற்காலத்தில் நமது அரசியல்வாதிகள் சிலர் வருத்தம் தெரிவித்தார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் அன்று பகிரங்கமாகப் பேசியவர்கள் மிகச் சிலரே. துப்பாக்கிகள் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், கோயில் மேடையிலோ ஆலயப் பீடத்திலோ நின்று, நாம் வெட்கப்படவேண்டும் என்று நம்மவரை நோக்கிச் சொல்லும் குரல்கள் போதிய அளவு எழவில்லை.

சிங்களவரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த 'நாம்' என்ற சொல்லை, முஸ்லிம் மக்களும் நம்மிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள்.