குன்சம் கணவாயும் ஐந்து டயர்களும்

ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள ஸ்பிதிப் பள்ளத்தாக்கைக் காணச் செல்வோர் கம்பளி, குல்லாய், தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் மறவாமல் மூட்டை கட்டுகிறார்கள். வண்டியின் டயரைப்பற்றி யோசிப்பவர் மிகச் சிலரே. கணவாய்க்குப் போகிறவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என்னவோ அந்த டயர்தான்.

டில்லியிலிருந்து மணாலி வரை 500 கிலோமீட்டருக்கு மேல். முழுவதும் தார் ரோடு. மணாலிக்கு அப்பால், 2020-ஆம் வருஷம் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தினுள் புகுந்து லாஹூலில் வெளிப்படுகிறோம். கிராம்பூ என்னுமிடத்தில் காஜா செல்லும் பாதை பிரிகிறது. அங்கிருந்து லோசர் கிராமம் வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சந்திரா நதி ஒரு பக்கம் இரைந்து ஓட, மறு பக்கம் மலைச்சரிவு கற்களை உருட்டிவிட்டுக் கொண்டிருக்கிறது. இடையில் சத்ரூ, பாதல் முதலிய இடங்களில் கோடையில் மட்டும் திறந்திருக்கும் சில தேநீர்க் கடைகளைத் தவிர ஊர் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. பஞ்சர் ஒட்டுபவரை அங்கே தேடிப் பயனில்லை.

இவ்வழியைச் செப்பனிடும் வேலை நடந்து வருகிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்து, குளிர்காற்றில் கல் உடைக்கும் தொழிலாளரைப் பல இடங்களில் கண்டோம். ஹிமாலய எல்லைச் சாலைகள் பல அவர்கள் கைகளால் உருவானவை. சொகுசாகச் சவாரி செய்யும் நாம் அவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துப் புழுதி கிளப்பாமலாவது போகலாம்.

சண்டீகரில் ஒரு டயர்க் கடைக்காரர், "மலைக்குப் போகிறீர்களா? இதைப் பூட்டுங்கள்!" என்று பெரிய பெரிய பட்டன்களுள்ள சேற்று டயர் ஒன்றைக் காட்டினார். பார்வைக்குக் கம்பீரமானதுதான். ஆனால் எங்கள் சாரதி, குலு ஜில்லாக்காரர், தலையை அசைத்துவிட்டார். "பாபுஜி, மண்டியிலிருந்து மணாலி வரை மழை பெய்யும். ஈரத் தாரில் இதை வைத்துக்கொண்டு பிரேக் போட முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சேற்று டயரில் பட்டன்களுக்கிடையே அகன்ற பள்ளங்கள். சேற்றை அவை வாரி வெளியே எறியும். ஆனால் தாரைத் தொடும் ரப்பரின் அளவு அதனால் குறைந்துவிடுகிறது. நனைந்த சாலையில் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். போதாக்குறைக்கு இரைச்சலும் எண்ணெய்ச் செலவும். சாதாரண ஹைவே டயரோ தாரில் சொகுசு. கூரிய பாறை விளிம்பில் அதன் மெல்லிய பக்கச் சுவர் கிழிந்துவிடும். நடுப்பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டிக்கொள்ளலாம். பக்கச் சுவர் கிழிந்த டயரை நம்பி மலையேறுவது தற்கொலைக்குச் சமானம்.

ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள 'ஆல் டெரெய்ன்' டயரே இந்த யாத்திரைக்கு ஏற்றது என்பது எங்கள் அபிப்பிராயம். அதிலும் 'எல்.டி.' என்ற எழுத்துக்களுள்ள லாரி ஜாதி டயருக்குப் பக்கச் சுவர் தடிப்பு. ஆனால் கனம் அதிகம், குலுக்கலும் அதிகம், அதே சுமைக்குக் கூடுதல் காற்றும் கேட்கும். வருஷத்துக்கொரு முறை மலை காணும் குடும்ப வண்டிக்கு அது அவசியமில்லை.

டயரின் மேல் எழுதியிருப்பதையும் வாசிக்கவேண்டும். 235/70 ஆர் 16 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70 பங்கு, ரேடியல் ஜாதி, சக்கர வளையம் 16 அங்குலம். அடுத்து 106 என்றிருந்தால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். உயரமான பக்கச் சுவர் பள்ளத்தின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். நாகரிகத்துக்காகப் பெரிய வளையமும் மெல்லிய டயரும் பூட்டுவோர், முதல் பாறையிலேயே வளையத்தை நசுக்கிக்கொள்வார்கள். 2324 போன்ற நான்கு இலக்கங்கள், 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் தயாரானதென்று அறிவிக்கின்றன. கடையில் கிடந்து கிழடான சரக்கு பளபளப்பில் ஏமாற்றும், இலக்கம் ஏமாற்றாது.

காற்று விஷயம் விசித்திரமானது. 4,500 மீட்டருக்கு மேற்பட்ட குன்சம் கணவாயில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுகருவி அதிகமாகக் காட்டவேண்டும். குளிரோ டயரினுள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன! கற்பாதையில் நாலைந்து பவுண்டு குறைத்தால் டயர் கல்லுக்கு இணங்கி வளையும். மிகவும் குறைத்தாலோ பக்கச் சுவர் பிதுங்கிப் பாறைக்கு இரையாகும். தாருக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பாவிட்டால் டயர் சூடேறிக் கெடும். காற்றடிக்கும் சிறு பம்பை மூட்டையில் வைக்கவேண்டியது இதற்காகத்தான்.

ஐந்தாவது டயர் ஸ்டெப்னி. நான்கும் புதிதாகப் போட்டு, ஸ்டெப்னியாக மெலிந்த தாற்காலிக டயருடன் கணவாயேறும் வண்டிகள் உண்டு. பனி உருகும் பிற்பகலில் ஓடைகள் பெருகுவதால் எல்லோரும் காலையிலேயே பாதலைத் தாண்டப் பார்க்கிறார்கள். டயர் கிழிந்து இரண்டு மணி நேரம் தாமதித்தவர், மத்தியானத்து வெள்ளத்தின் முன் நிற்கவேண்டியதுதான். முழு அளவு ஸ்டெப்னியும் அதைப் பூட்டத் தெரிந்த இருவரும் எங்களிடம் இருந்தார்கள்.

கணவாயின் உச்சியில் குன்சம் மாதா கோவில். வண்டியோடு பிரதட்சிணம் செய்துவிட்டே செல்வது வழக்கம். எங்கள் சாரதி அதை முடித்து இறங்கி, தேவியைக் கும்பிட்டார். பிறகு ஐந்து டயர்களின் பக்கச் சுவர்களையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு லோசர் இறக்கத்தில் வண்டியை விட்டார்.