நோன்பு அட்டையில் ஆறு வட்டம்

கணவர் இறந்த அன்று அந்தப் பெண் அவருக்கு மனைவியா இல்லையா என்பதுதான் வழக்கு. அதற்கு விடை வேண்டுமென்றால், அந்த இறப்புக்கு முந்தைய இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு எத்தனை தடவை மாதவிலக்கு வந்தது என்று கோர்ட் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான் நடத்திய குடும்ப வழக்குகளில் இப்படி ஒன்று அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர் அவர். ராவுத்தர் குடும்பம். கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குழந்தை இல்லை, அதை வைத்தே சண்டை. பள்ளிவாசல் ஜமாஅத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிப் பார்த்தும் ஒத்துவரவில்லை. ரஜப் மாதம் பிறை 20 அன்று, ஜமாஅத்தார் சொன்னபடி, கணவர் ஒரே ஒரு தலாக் மட்டும் சொன்னார். ஜமாஅத் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். ரமலான் பிறை 24 அன்று தாராபுரம் ரோட்டில் லாரி மோதி அந்த மனிதர் இறந்துபோனார்.

ஒரு தலாக் சொன்னதும் திருமணம் அறுந்துவிடுவதில்லை. அதன் பிறகு பெண் காத்திருக்க வேண்டிய காலமான இத்தா முடியும்வரை கணவர் மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு வாரிசுரிமை உண்டு. இத்தாவின் அளவு மூன்று மாதவிலக்கு என்பது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டமும் அதையே எழுதி வைத்திருக்கிறது. கணவரின் தம்பிகள் சொன்னது, மூன்றும் முடிந்துவிட்டது, இனி அவளுக்கு இந்த வீட்டில் எதுவும் இல்லை என்று. இத்தா முடியவில்லை என்றால் அவர் விதவை. பிள்ளை இல்லாத விதவைக்குச் சொத்தில் நாலில் ஒரு பங்கு. வீட்டுப் பங்கு, பேங்கில் கிடந்த பணம், விபத்து நஷ்டஈடு எல்லாம் இந்த ஒரு கேள்வியில் நின்றது.

2002இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஷமீம் ஆரா தீர்ப்பு முதலில் நினைவுக்கு வந்தது. காரணமும் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்கிற தீர்ப்பு அது. ஆனால் இங்கே சமரசம் நடந்ததற்கு ஜமாஅத் புத்தகமே சாட்சி. அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை.

ரஜபுக்கு அடுத்த ஷாபான் பிறந்ததும் ஒரு மாதவிலக்கு, ரமலான் பிறை 1 முதல் 6 வரை இன்னொன்று. இதில் முதலில் தகராறு இல்லை. தகராறு மூன்றாவதில். பிறை 16இல் மறுபடி ரத்தம் பட்டு, பிறை 20 வரை இருந்திருக்கிறது. அதே கம்பெனியில் வேலை செய்த நாத்தனாருக்கு இது தெரியும். அவரிடம்தான் இந்தப் பெண் பேடு கேட்டிருக்கிறார்.

"ரத்தம் வந்தது நிஜம் மேடம், மறைக்க மாட்டேன்" என்றார் என்னிடம். "ஆனா அது ஹைளு இல்ல. அது இஸ்திஹாளா. நான் தொழுகையும் விடல, நோன்பும் விடல."

எனக்கு விளங்கவில்லை. வக்கீல்கள் கையில் இருக்கும் ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா, சார்லஸ் ஹாமில்டன் 1791இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. எடுத்துப் பார்த்தால் அதில் சுத்தம், தொழுகை, நோன்பு பற்றிய பாகங்களே இல்லை. அவை வழிபாட்டுக் காரியம், கோர்ட்டுக்கு வேண்டாதவை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டியது அதற்குள்தான் இருந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஓதிய ஒரு ஹஸ்ரத் அரபு மூலத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி முறையில் ஹைளு, அதாவது மாதவிலக்கு, குறைந்தது 3 நாள், அதிகபட்சம் 10 நாள். ஒரு மாதவிலக்கு முடிந்து அடுத்தது வர நடுவில் 15 நாளாவது சுத்தமாக இருக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஷாஃபிகளுக்கு மற்ற கணக்குகள் வேறு, ஆனால் இந்த 15 நாள் அவர்களுக்கும் உண்டு. அதற்குள் வருவது நோயால் வரும் உதிரம், இஸ்திஹாளா. நிற்காத உதிரப்போக்கு இருந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்ற பெண் நபிகளிடமே போய்க் கேட்டிருக்கிறார். வழக்கமான நாட்களில் மட்டும் தொழுகையை விடு, பிறகு குளித்துவிட்டுத் தொழு, இது நரம்பிலிருந்து வருவது என்பது அவருக்குக் கிடைத்த பதில். மாதவிலக்கில் விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. விட்ட நோன்பை மட்டும் பிறகு களாவாக வைக்க வேண்டும். இஸ்திஹாளா உள்ளவர் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதிதாக உளூ என்ற அங்கசுத்தி செய்து தொழ வேண்டும், நோன்பும் வைக்க வேண்டும்.

பிறை 6க்கும் 16க்கும் நடுவில் 9 நாள்தான். சட்டம் நம் பக்கம். ஆனால் அந்தத் தேதிகளுக்கு ஆதாரம்? தம்பிகளின் வக்கீல் இரண்டாவது மாதவிலக்கே ரமலானுக்கு முன்னால் முடிந்துவிட்டது என்று வாதத்தை மாற்றிக்கொண்டார்.

ரமலானில் பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்பு நேர அட்டை ஒன்றை அந்தப் பெண் வைத்திருந்தார். ஒரு பக்கம் ஸஹர் முடிவு, ஒரு பக்கம் இஃப்தார் நேரம், அடியில் விளம்பரம். களா வைக்க மறந்துவிடக் கூடாது என்று, விட்ட நாட்களைப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டிருந்தார். பிறை 1 முதல் 6 வரை ஆறு வட்டம். பிறை 16இலிருந்து 20 வரை ஒரு கோடு கூட இல்லை. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்தில் அடங்காத ஆவணத்தையும் ஏற்கலாம் என்கிறது. அதன்படி அட்டை சான்றாவணம் ஆனது.

விசாரணைக்கு முன்பே அதே குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் மனுப் போட்டேன். ஒரு தரப்பு கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இது மிகவும் அவசியமாக இருந்தது. ஏனென்றால் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 151ஆம் பிரிவு கூச்சமூட்டும் கேள்விகளைத் தடுத்தாலும், வழக்கின் மூலப் பிரச்னை பற்றிய கேள்வி என்றால் விட்டுவிடும். இங்கே மாதவிலக்குதான் மூலப் பிரச்னை. எத்தனை நாள், எவ்வளவு, என்ன நிறம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் நான் எழுந்து 152ஆம் பிரிவைச் சொன்னேன். கேட்கத் தக்க கேள்வியானாலும், தேவையில்லாமல் புண்படுத்தும் விதத்தில் கேட்டால் கோர்ட் தடுக்க வேண்டும் என்பது அது. நீதிபதி தடுத்தார். இன்று அந்தச் சட்டத்தின் பெயரும் எண்களும் மாறிவிட்டன, விதி இருக்கிறது.

வழக்கைத் திருப்பியது நாத்தனாரின் சாட்சியம். "பிறை 3 அன்னைக்குப் பட்டப்பகல்ல மாத்திரை போட்டுத் தண்ணி குடிச்சா, என் கண்ணால பாத்தேன். நோன்பு வைக்கற பொம்பளையா இவ?" என்றார். குறை சொல்லத்தான் சொன்னார். நான் ஒன்று மட்டும் கேட்டேன். பிறை 16க்குப் பிறகு பகலில் தண்ணீர் குடித்துப் பார்த்தீர்களா? "இல்ல, அப்ப நோன்பாத்தான் இருந்தா." அட்டையில் இருந்த வட்டங்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்த மாத்திரை வயிற்றுவலிக்குச் சூப்பர்வைசர் கொடுத்தது. மாத்திரை அட்டையிலிருந்து பிரித்துக் கையில் கொடுப்பார்களாம், பெயர் கிடையாது. பிறை 16இல் ரத்தம் பட்டதற்கு அது காரணமா என்று டாக்டரைக் கேட்டேன், பெயர் தெரியாமல் சொல்ல முடியாது என்றார். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி, அத்தனை பேருக்கும் மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டதாக எழுதியபோது எனக்கு இந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆர்டர் தேதிக்காக ஒருத்தியின் உடம்பின் கணக்கைக் கலைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கணவர் இறந்தபோது இரண்டு மாதவிலக்கே முடிந்திருந்தது, எனவே அவர் மனைவிதான் என்று தீர்ப்பானது. நாலில் ஒரு பங்கு கிடைத்தது. இறந்த நாளிலிருந்து 4 மாதம் 10 நாள், விதவைக்குரிய இத்தாவை அவர் தீர்ப்புக்குக் காத்திராமல் அப்போதே இருந்து முடித்திருந்தார்.

2017இல் ஷாயரா பானு தீர்ப்பும், 2019இல் சட்டமும் வந்து, ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் போய்விட்டது. இனி தலாக் என்றால் திரும்ப அழைத்துக்கொள்ள இடமுள்ள தலாக்கும், அதற்கான இத்தாவும்தான். இந்த மாதிரிக் கேள்வி இனிமேல் அதிகமாகவே கோர்ட்டுக்கு வரும். இளைய வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கட்சிக்காரப் பெண் கூண்டில் ஏறும் முன்பே 11ஆம் பிரிவு மனுவைப் போட்டுவிடுங்கள். அவர் தன் நாட்களைக் குறித்துவைத்த காலண்டரோ அட்டையோ இருந்தால், அதை முதல் ஆவணமாகக் கேட்டு வாங்குங்கள்.