பழைய செட்டும் பழைய காதும்

இருபது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்த ரெக்கார்டு பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் சென்ற ஆண்டு கீழே இறக்கினேன். கேசட், சிடி, செல்போன் என்று ஒவ்வொன்றாக வந்ததில் அது மேலே போயிருந்தது. ஓய்வு பெற்றபின் கீழே வந்தது.

பிளேயரில் இரண்டு சாமான்களைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுத்துப் போயிருந்தது, ஊசி தேய்ந்திருந்தது. ஆம்ப்ளிஃபயரில் கண்டன்சர்கள் காய்ந்து ஒரே உறுமல். இங்கே டவுனில் பழைய டிவி, ரேடியோ பார்க்கும் மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். “இதெல்லாம் இப்ப யார் சார் கேக்கறாங்க?” என்றார்.

பரணில் பிளேயர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைப் புது ஆம்ப்ளிஃபயரில் அப்படியே மாட்டினால் பாட்டு தகர டப்பாவில் பாடுவதுபோல் ஒல்லியாகக் கேட்கும். எல்பி தட்டில் கனத்த ஒலிகளைக் குறைத்தும், கீச்சு ஒலிகளைக் கூட்டியும்தான் பதிகிறார்கள். கனத்த ஒலியை முழு அளவில் வெட்டினால் கோடு அகன்று பக்கத்துக் கோட்டில் இடிக்கும். அதைத் திரும்பச் சரிசெய்வது பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘ஃபோனோ’ என்று எழுதியிருக்கும் இணைப்பு. புதியதில் அது இல்லையென்றால் ஃபோனோ ப்ரீஆம்ப் என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்க வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ போட்டேன். 1986இல் வந்தது. வி. எஸ். நரசிம்மனின் வயலின். லீவுக்கு வந்திருந்த பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். “தாத்தா, வில்லு கம்பியில உரசுற சத்தம்கூடக் கேக்குது!” என்றான். எனக்கு வயலின் கேட்டது. உரசல் கேட்கவில்லை.

காது டாக்டர் சோதித்துவிட்டு வயசுதான் என்றார். இளம் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாக ஆக மேல்பக்கத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். பியானோவின் கடைசிக் கட்டையே சுமார் 4,186 ஹெர்ட்ஸ்தான். ஆகவே பாட்டின் ஸ்வரங்கள் நம்மிடம் இருக்கின்றன. அதற்கு மேலே இருக்கும் மினுக்கம்தான், தம்புராவின் ரீங்காரம், ஜால்ராவின் ‘சிலீர்’, அதுதான் முதலில் விடைபெறுகிறது.

வால்யூமைக் கூட்டினால் அது திரும்பி வராது. மிச்சமிருக்கும் காதுக்குத்தான் கெடுதல். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டமும் ஹாரனுமாக ஊரே இரைகிறபோது நான் செட்டைத் தொடுவதில்லை. மறுநாள் ஊர் அடங்கியபின், இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நாற்காலியைப் போட்டு, அளவாக வைத்துக் கேட்கிறேன். ஒரு பக்கம் சுமார் இருபது நிமிஷம்.

விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். சாவகாசமாகக் கேட்கலாம் என்று உறை பிரிக்காமலே வைத்திருந்த தட்டுகள் ஒன்பது. வாரம் ஒன்றாகப் பிரிக்கிறேன். தீபத்துக்குப் பேரன் வருகிறான். ஜால்ரா விழும் இடத்தில் எல்லாம் கையைத் தட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.