கோட்டு போட்ட ஆப்பாயில்

2016ல அப்பா நியூஜெர்சி வந்தப்போ பக்கத்து டைனர்ல எக்ஸ் பெனடிக்ட் வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் ஹாமை என் தட்டுக்குத் தள்ளிட்டு முட்டையைக் குத்தினார். மஞ்சக்கரு ஓடுச்சு. "அட, நம்ம ஆப்பாயில்தானேடா, கோட்டு போட்டுக்கிட்டு வந்திருக்கு!"

அந்த டைனரை 2020ல மூடிட்டாங்க. அடுத்த மாசம் அப்பா மறுபடி வர்றார். அதான் நானும் தங்கமணியும் நாலு ஞாயித்துக்கிழமையா கடை கடையா ஏறி இறங்கினோம். ஒண்ணுல முட்டை கல்லு மாதிரி. அடுத்ததுல முட்டையில தண்ணி வடிக்காம வச்சு, அடியில மஃபின் சொதசொத. மூணாவதுல ஹாலண்டைஸ் சாஸ் திரிஞ்சு போச்சு. மஞ்சக்கரு, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு மூணையும் இளஞ்சூட்டுல அடிக்கிற சமாச்சாரம் மக்களே, சூடு கொஞ்சம் ஏறினா அவ்ளோதான். 1894லயே நியூயார்க் வால்டார்ஃப்ல இதைக் கேட்டு வாங்கினேன்னு ஒருத்தர் 1942ல பத்திரிகைக்குச் சொல்லியிருக்கார். ஹட்சன் ஆத்துக்கு அந்தப் பக்கம் அப்பவே கிடைச்சது, இந்தப் பக்கம் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்!

நாலாவது கடையில கிடைச்சுது. அதே ருசி. வாசல்ல நின்னே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"டாக்டர் வெண்ணெயும் மஞ்சக்கருவும் தொடக்கூடாதுன்னுட்டார்டா."

எனக்குப் பேச்சே வரலை.

"அதனால என்ன? கூட்டிட்டுப் போ. நீ குத்து, நான் பாக்கறேன்."